கடலில் எடுத்த தரவு கரைக்கும் திறந்திருக்க வேண்டாமா? ஆய்வில் வெளிப்படைத்தன்மை குறித்து ஒரு விவாதம்

மண்டபம் ஆசிரியர்:

நம் கரையில் ஆய்வுக்குக் குறைவே இல்லை. மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் தலைமையகமே மண்டபத்தில்தான் இருந்தது; 1971-ல் அது கொச்சிக்கு மாறிய பிறகும் மண்டல நிலையம் இங்கேயே தொடர்கிறது. கடற்பாசிக்கென்று தனியாக ஓர் ஆய்வு நிலையமும் இருக்கிறது. பல்கலைக்கழகங்களிலிருந்து மாணவர்கள் ஆண்டுதோறும் வருகிறார்கள். இத்தனை பேர் எடுத்துச் சென்ற அளவீடுகளை, கட்டுரையை அல்ல, அந்தக் கட்டுரைக்கு அடிப்படையான அளவீடுகளை, பாம்பனிலோ தொண்டியிலோ கீழக்கரையிலோ வசிக்கும் ஒருவர் பார்க்க விரும்பினால் அவர் எங்கே போவது என்பதே என் கேள்வி.

வெளிப்படைத்தன்மையின் பயனுக்கு நம் ஊரிலேயே சான்று இருக்கிறது. குருசடைத் தீவின் கரையோர உயிரினங்களை இனவாரியாகப் பட்டியலிட்டு 1927-ல் சென்னை அரசு அருங்காட்சியகம் அச்சிட்டு வெளியிட்டது. அன்று அங்கே எவை வாழ்ந்தன, இன்று எவை இல்லை என்று ஒப்பிட நினைக்கும் எவரும் அந்தப் பட்டியலிலிருந்து தொடங்கலாம். அது ஒரு தனி அலமாரியில் பூட்டப்பட்டிருந்தால் ஏறத்தாழ நூறாண்டுக்கு முந்தைய அந்தத் தொடக்கப்புள்ளி நமக்குக் கிடைத்திருக்காது.

இனி கப்பாபைகஸ் கடற்பாசிக்கு வருகிறேன். குஜராத் கடலில் வளர்த்துப் பார்க்கப்பட்டு 1990-களில் மண்டபத்திற்கு வந்த இந்த அயல் இனம், 2000-க்குப் பிறகு இங்குள்ள பல குடும்பங்களின் வாழ்வாதாரமாயிற்று. 2008-ல் ‘கரண்ட் சயின்ஸ்’ இதழில் வந்த ஒரு கட்டுரை, குருசடைத் தீவருகே அது உயிருள்ள பவளப்பாறைகளின் மேல் படர்ந்திருப்பதாகச் சொன்னது. பாதிப்பு குறுகிய பரப்பளவில்தான் இருக்கிறது, அதைக் கட்டுப்படுத்திவிடலாம் என்று வேறு ஆய்வாளர்கள் வாதிட்டார்கள். அந்த இதழை எவரும் கட்டணமின்றி இணையத்தில் படிக்கலாம் என்பதால் விவாதத்தின் போக்கையாவது நம்மால் அறிய முடிந்தது. ஆனால் எந்தப் பாறையில் எத்தனை சதுர மீட்டர், எந்த மாதம், எந்த ஆழத்தில் என்ற அடிப்படைப் பதிவுகளை இரு தரப்பும் ஒரே பொது இடத்தில் வைத்திருந்தால், யார் சொல்வது சரி என்று மூன்றாவது ஒருவர் சரிபார்த்திருக்கலாம். அப்படி ஓர் இடம் இல்லாததால், பாசி வளர்ப்பவருக்கும் பவளத்தைக் காக்க நினைப்பவருக்கும் ‘எந்த அறிஞரை நம்புவது’ என்ற தேர்வு மட்டுமே மிஞ்சியது. அறிவியலில் ஆளை நம்பச் சொல்வது முறையாகாது. சான்றைக் காட்ட வேண்டும்.

நம் ராமநாதபுரம் மாவட்டத்து வலமாவூரில் கடற்பாசிப் பூங்கா அமையும் இக்காலத்தில் இதைப் பேசாமல் விட்டால் பிறகு பேசிப் பயனில்லை என்பதால் இந்த இழையைத் தொடங்குகிறேன்.

வடகடல் நாட்டுப்படகு:

ஐயா, நல்ல பொருளைத் தொடங்கியிருக்கிறீர்கள். நான் மீனவர் சங்கத்தில் பொறுப்பில் இருப்பவன் என்பதால் எங்கள் தரப்பைச் சொல்கிறேன்.

விடியற்காலையில் ஏலக்கூடத்தில் ஒரு கணக்கெடுப்பாளர் நோட்டுடன் நிற்பார். கரைக்கு வரும் படகுகளில் சிலவற்றைத் தேர்ந்தெடுத்து, எத்தனை கூடை, என்ன மீன் என்று எழுதிக்கொள்வார். நீலக்கால் நண்டு வந்தால் ஓட்டின் அகலத்தை அளவுகோலால் அளந்து, சினை இருக்கிறதா என்று புரட்டிப் பார்த்துக் குறித்துக்கொள்வார். ஏலம் தொடங்கும் அவசரத்திலும் எங்கள் ஆட்கள் கூடையை இறக்கி வைத்துக் காத்திருந்து ஒத்துழைக்கிறார்கள். நாடு முழுவதும் மீன்பிடிப்பு மதிப்பீடு இப்படித்தான் தயாராகிறது. எல்லாப் படகையும் எண்ண முடியாது என்பதால் சில இறங்குதளங்களையும் சில நாள்களையும் சில படகுகளையும் மாதிரியாகக் கொண்டு மொத்தத்தைக் கணக்கிடுகிறார்கள். அந்த முறையில் எனக்குக் குறை இல்லை. ஆனால் கணக்கு கடைசியில் ஒற்றை எண்ணாகச் செய்தித்தாளில் வருகிறது. எத்தனை படகை வைத்துக் கணக்கிட்டார்கள், கூடுதல் குறைவு எவ்வளவு இருக்கலாம் என்ற விவரம் எங்களை வந்து சேர்வதில்லை.

கடல் அட்டையைப் பாருங்கள். 2001-ல் அது வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டுப் பிடிப்பது முற்றாகத் தடை செய்யப்பட்டது. தடை வந்ததும் கரையில் இறங்கும் கணக்கும் நின்றுவிட்டது. இருப்பு பெருகியிருக்கிறதா, குறைந்திருக்கிறதா என்று அறியத் தனியாகக் கடலடி ஆய்வுகள்தாம் நடத்த வேண்டும். அப்படி நடக்கும் ஆய்வின் முறையும் முடிவும் முழுமையாக வெளியில் இருந்தால், தடை தொடர வேண்டும் என்றாலும் எங்கள் மக்கள் காரணத்தை அறிந்து ஏற்பார்கள். பல குடும்பங்களின் பிழைப்பை நிறுத்திய ஒரு முடிவுக்கு அடிப்படை என்ன என்று கேட்பது அறிவியலை எதிர்ப்பதாகாது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். கடலடியில் எந்தப் பாரில், அதாவது எந்தப் பாறைத்திட்டில், எப்போது மீன் கூடும் என்று எங்கள் பெரியவர்கள் சொன்னதை எழுதிக்கொண்டு போய் வரைபடமாக வெளியிட்டுவிட்டால், அடுத்த வாரமே வெளியூர் விசைப்படகுகள் அங்கே வலை இழுக்கும். ஆகையால் ‘எல்லாவற்றையும் திறந்து வை’ என்று நான் சொல்லமாட்டேன்.

ஆய்வு மாணவி:

நான் கடல் உயிரியலில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். ஆய்வாளர்கள் தரவை ஏன் வெளியிடத் தயங்குகிறார்கள் என்பதை உள்ளிருந்து சொல்ல முயல்கிறேன். குறை சொல்வதற்காக அல்ல, காரணம் தெரியாமல் தீர்வு தேட முடியாது என்பதற்காக.

முதற்காரணம் அச்சம். காலையிலிருந்து மாலை வரை நீரில் கிடந்து சேர்த்த அளவீடுகளை வெளியிட்டால், வசதியுள்ள வேறொரு குழு அதை வைத்து எனக்கு முன்பே கட்டுரை எழுதிவிடலாம். பட்டமும் வேலையும் பதவி உயர்வும் கட்டுரை எண்ணிக்கையைப் பொறுத்தே அமையும்போது இந்த அச்சத்தைப் பொய் என்று தள்ள முடியாது. ஆனால் வழி இருக்கிறது. தரவுத் தொகுப்பையே தனி வெளியீடாகப் பதிந்து, நிலையான அடையாள எண் பெற்று, அதைப் பயன்படுத்துகிறவர் மேற்கோள் காட்ட வேண்டும் என்ற நிபந்தனையுடன் வைக்கலாம். மனித மரபணுத் தொகுதித் திட்டத்தில் பங்குபெற்றவர்கள் 1996-ல் பெர்முடாவில் கூடி, கண்டறியும் வரிசையை 24 மணி நேரத்திற்குள் பொதுவில் வைப்பது என்று முடிவு செய்தார்கள். போட்டி மிகக் கடுமையாக இருந்த துறையிலேயே அது நடந்தது.

இரண்டாவது காரணத்தை நாங்கள் வெளியில் அதிகம் பேசுவதில்லை. எதிர்பார்த்த முடிவு வராத ஆய்வு மேசை இழுப்பறையிலேயே தங்கிவிடுகிறது. ‘விளைவு ஏதும் இல்லை’ என்ற கட்டுரையை வெளியிட இதழ்கள் ஆர்வம் காட்டுவதில்லை. இதன் விளைவு பெரிது. உளவியலில் 100 ஆய்வுகளை மீண்டும் செய்து பார்த்த ஒரு கூட்டு முயற்சியின் முடிவு 2015-ல் ‘சயின்ஸ்’ இதழில் வந்தது. மூல ஆய்வுகளில் 97 விழுக்காடு குறிப்பிடத்தக்க முடிவைக் காட்டியிருந்தன. மறுமுறை செய்தபோது 36 விழுக்காட்டில்தான் அது தென்பட்டது. பலர் ஏமாற்றினார்கள் என்று இதற்குப் பொருள் இல்லை. சாதகமான முடிவை மட்டும் வெளியிடும் பழக்கம் எத்தகைய தோற்றத்தை உண்டாக்கும் என்பதையே இது காட்டுகிறது. நம் கரையிலும் 2013-க்குப் பிறகு கப்பாபைகஸ் பயிர் பெருமளவில் அழிந்தது. 45 நாள் கழித்து அறுவடை செய்ய வேண்டிய மூங்கில் மிதவைகளில் வெறும் கயிறுதான் மிஞ்சியது. அத்தகைய தோல்வியின்போது கடல்நீரின் வெப்பம் என்ன, உவர்ப்பு என்ன, எந்த விதைப்பாசி எத்தனை நாளில் வெளுத்தது என்ற பதிவு, வெற்றி பெற்ற பருவத்தின் பதிவைக் காட்டிலும் வளர்ப்பவர்களுக்கு மதிப்புள்ளது. ஆனால் யாருடைய பட்டத்திற்கும் அது உதவாது என்பதால் பலருடைய கணினியில் சிதறிக் கிடக்கிறது.

அடிப்படைத் தரவைக் காட்டுவதால் ஆய்வாளருக்குப் பெயர் கெடும் என்று நினைப்பவர்களுக்கு ஓர் எடுத்துக்காட்டு. ரெய்ன்ஹார்ட், ரோகாஃப் என்ற இரு பொருளியல் அறிஞர்கள் 2010-ல் எழுதிய கட்டுரை, அரசின் கடன் உள்நாட்டு உற்பத்தியில் 90 விழுக்காட்டைத் தாண்டினால் வளர்ச்சி சரிந்துவிடும் என்றது. பல நாடுகளில் செலவுக் குறைப்பை ஆதரித்தவர்கள் அதைச் சான்றாகக் காட்டினார்கள். தாமஸ் ஹெர்ண்டன் என்ற மாணவர் பயிற்சிக்காக அந்தக் கணக்கைத் திரும்பப் போட்டுப் பார்த்தபோது விடை ஒத்துவரவில்லை. அவர் கேட்டதும் கட்டுரையை எழுதியவர்கள் தங்கள் எக்செல் கோப்பையே அனுப்பிவைத்தார்கள். சராசரி கணக்கிட்ட வரம்பில் ஐந்து நாடுகள் விடுபட்டிருந்ததை அவர் கண்டார். அவருடைய ஆசிரியர்களுடன் சேர்ந்து 2013-ல் அதை வெளியிட்டார். கோப்பு கைக்கு வராமல் இருந்திருந்தால், கணக்கு ஒத்துவரவில்லை என்பதோடு அவர் நின்றிருக்க வேண்டும்.

கல்லூரி நூலகர்:

சட்டமும் கொள்கையும் எந்த நிலையில் இருக்கின்றன என்பதை மட்டும் சேர்க்கிறேன். இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகம் 2013-லேயே, ஆய்வு வெளியீடுகளை எவரும் கட்டணமின்றிப் படிக்க விடும் திறந்த அணுக்கக் கொள்கையை ஏற்றது. மீன்வள நிறுவனங்கள் பலவும் அதன் கீழ் வருகின்றன. மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் இணையக் களஞ்சியத்தில் பழைய கட்டுரைகள், சிறப்பு வெளியீடுகள், பயிற்சிக் கையேடுகள் எல்லாம் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. 1950-களில் மண்டபத்திலிருந்து எழுதப்பட்டவற்றைக் கூட நான் அங்கிருந்து எடுத்து மாணவர்களுக்குக் கொடுத்திருக்கிறேன். உயிரித் தொழில்நுட்பத் துறையும் அறிவியல் தொழில்நுட்பத் துறையும் 2014 இறுதியில் கூட்டாக ஒரு கொள்கையை வெளியிட்டன. அவற்றின் நிதியில் நடக்கும் ஆய்வின் கட்டுரைப்படியைப் பொதுக் களஞ்சியத்தில் வைக்க வேண்டும் என்பது அதன் சாரம். அரசு நிதியில் திரட்டப்படும் தரவுகளுக்காக 2012-ல் தேசியத் தரவுப் பகிர்வுக் கொள்கையும் வந்தது. ஆகவே கொள்கை இல்லை என்று சொல்ல முடியாது. கொள்கை பின்பற்றப்படுகிறதா என்று கேட்பவர்கள்தாம் குறைவு.

‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டம் பற்றியும் தெளிவு வேண்டும். 2024 நவம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்த இத்திட்டத்திற்கு 2025 முதல் மூன்று ஆண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டிருக்கிறது. ஏறத்தாழ 6,300 அரசு உயர்கல்வி, ஆராய்ச்சி நிறுவனங்களில் இருப்பவர்கள் சுமார் 13,000 இதழ்களைப் படிக்கலாம். சிறிய கல்லூரி மாணவர்களுக்கு இது பெரும் உதவி என்பதில் ஐயமில்லை. ஆனால் வடகடல் அண்ணன் எந்த நிறுவனத்திலும் பயில்பவர் அல்லர். தம் கூடையிலிருந்து அளக்கப்பட்ட நண்டைப் பற்றிய கட்டுரை சந்தா இதழில் வந்தால் அவருக்கு அது இன்றும் பூட்டிய கதவுதான். இதற்கு ஒரு எளிய வழி உண்டு: கட்டுரையாசிரியருக்கு மின்னஞ்சல் எழுதிக் கேட்டால் பெரும்பாலும் படியை அனுப்பிவிடுவார்கள். அரசு நிறுவனமாக இருந்தால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழும் கேட்கலாம். 30 நாளில் பதில் தர வேண்டும்.

பாசி மகளிர் குழு:

நான் பாசி எடுக்கும் பெண்களின் குழுக்களோடு வேலை செய்கிறேன். இங்கே இதுவரை பேசியவர்கள் தரவைத் திறப்பது பற்றியே பேசினார்கள். அந்தத் தரவுக்குள் இருக்கும் மனிதர்களைப் பற்றியும் பேச வேண்டும்.

எங்கள் பெண்கள் விரல்களில் துணியை இறுக்கிச் சுற்றிக்கொண்டு, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, மூச்சை அடக்கி முங்கி, பாறையில் ஒட்டியிருக்கும் மரிக்கொழுந்துப் பாசியைக் கிள்ளி எடுக்கிறார்கள். அடியோடு பிடுங்கினால் அடுத்த முறை முளைக்காது என்பதை அவர்களுக்கு எவரும் சொல்லிக்கொடுக்கவில்லை. மாதத்தில் 12 நாள் மட்டும் போவது என்று தாங்களே கட்டுப்பாடு வைத்துக்கொண்ட ஊர்களும் உண்டு. ஆய்வுக்கு வருகிறவர்கள் ஒரு நாளைக்கு எத்தனை கிலோ, என்ன விலை, எந்தத் தீவு என்று கேட்கிறார்கள். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986-ல் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டவை. அங்கே அனுமதியின்றிப் போவது குற்றம். ‘எந்தத் தீவு’ என்ற கேள்விக்கு உண்மையைச் சொல்லும் பெண், தன்னை அறியாமலே தன் மீது ஒரு வாக்குமூலத்தைக் கொடுக்கிறாள். அவள் பெயரும் ஊரும் நாளும் தீவும் ஒரே வரியில் இருக்கும் அட்டவணையை இணையத்தில் போடுவதற்குப் பெயர் வெளிப்படைத்தன்மை என்றால் அதை நான் எதிர்ப்பேன்.

ஒப்புதல் படிவமும் அப்படித்தான். ஒரு முறை ஒரு குழு கொண்டுவந்த படிவம் முழுவதும் ஆங்கிலத்தில் இருந்தது. ஈரக் கையைச் சேலையில் துடைத்துவிட்டு, காட்டிய இடத்தில் எங்கள் பெண்கள் கையெழுத்திட்டார்கள். எதற்கு ஒப்புக்கொண்டோம் என்று பிறகு என்னிடம் கேட்டார்கள். படிவத்தின் படி எங்களிடம் தரப்படவில்லை; ஆய்வின் முடிவும் இன்றுவரை வரவில்லை.

ஆகையால் வெளிப்படைத்தன்மை எங்களிடமிருந்து தொடங்க வேண்டியதில்லை, ஆய்வாளரிடமிருந்து தொடங்கட்டும் என்பதே என் வேண்டுகோள். யார் பணம் கொடுக்கிறார்கள், முடிவு யாருக்குப் போகும், அதனால் எங்களுக்கு எது வரலாம் என்பதை முதலில் தமிழில் சொல்லட்டும். நிறுவனம் ஒன்று பாசி வாங்கும் தொழிலையும் நடத்திக்கொண்டு பாசி பற்றிய ஆய்வுக்கும் நிதி கொடுத்தால், அதை அறிய எங்களுக்கு உரிமை இருக்கிறது.

தீவுக்காவல்:

ஒரு நடைமுறைச் சிக்கல். கடற்பசு மேயும் கடற்புல் திட்டுகள், கடல் அட்டை மிகுந்த இடங்கள் ஆகியவற்றின் துல்லியமான அமைவிடத்தைத் திறந்து வைத்தால் முதலில் பயன்படுத்துகிறவர்கள் கடத்தல்காரர்களாகத்தான் இருப்பார்கள். இதற்கு விடை சொல்லாமல் திறந்த தரவு பற்றிப் பேசுவது ஆபத்தானது.

ஆய்வு மாணவி:

விடை இருக்கிறது ஐயா. உலக உயிர்ப்பன்மைத் தகவல் வசதி போன்ற பெரிய களஞ்சியங்கள், வேட்டை அச்சமுள்ள இனங்களுக்கு அமைவிடத்தைத் துல்லியமாகக் காட்டாமல் பல கிலோமீட்டர் அகலக் கட்டத்திற்குள் பொதுமைப்படுத்தி வெளியிடுவதை வழிமுறையாகவே வைத்திருக்கின்றன. எண்ணிக்கை, ஆண்டு, எண்ணிய முறை ஆகியவை திறந்திருக்கும். புள்ளி மட்டும் மங்கலாக இருக்கும். முழு விவரம் தேவைப்படும் ஆய்வாளர் காரணம் சொல்லித் தனியாகப் பெறலாம். பாசி மகளிர் குழு அம்மா சொன்னதற்கும் இதே முறை பொருந்தும்: பெயரை நீக்கி, தீவுகளை ஒன்றாகச் சேர்த்து, நாளுக்குப் பதில் மாதத்தைக் கொடுக்கலாம். வடகடல் அண்ணன் சொன்ன பார்களை வெளியிடுவதா வேண்டாமா என்று அந்த ஊரே முடிவு செய்யட்டும்.

ஆனால் எதை மறைக்கிறோம், ஏன் மறைக்கிறோம் என்பதை மறைக்கக் கூடாது. ‘பாதுகாப்புக் கருதி அமைவிடம் தரப்படவில்லை’ என்று எழுதிவிட்டு மற்றவற்றைக் கொடுப்பது ஒன்று. பாதுகாப்பைச் சாக்காகக் காட்டி முழு அறிக்கையையும் பூட்டி வைப்பது வேறு. தரவை எவருக்கும் காட்டாத ஆய்வு எங்கே கொண்டுபோய் விடும் என்பதைக் கொரோனாக் காலத்தில் பார்த்தோம். 2020 மே 22-ல் ‘லான்செட்’ இதழில் ஹைட்ராக்சிகுளோரோகுயின் மருந்து கொரோனா நோயாளிகளுக்குக் கேடு செய்வதாக ஒரு கட்டுரை வந்தது. அதை நம்பி உலக சுகாதார நிறுவனம் தன் சோதனையில் அந்த மருந்துப் பிரிவை நிறுத்திவைத்தது. தரவை வைத்திருந்த சர்ஜிஸ்ஃபியர் நிறுவனம் அதைத் தணிக்கையாளரிடம் ஒப்படைக்க மறுத்தது. ஜூன் 4-ல் கட்டுரை திரும்பப் பெறப்பட்டது. மாறாக, அதே ஆண்டு ஜனவரி 11-ல் அந்த வைரஸின் மரபணு வரிசை பொதுவில் வெளியிடப்பட்டதால்தான் உலகம் முழுவதும் தடுப்பூசி வேலை உடனே தொடங்க முடிந்தது.

வடகடல் நாட்டுப்படகு:

தங்கை சொன்ன முறை எனக்கு ஏற்புடையது. எங்கள் சங்கத்தில் பேசிப் பார்த்தேன். இனி ஊருக்குள் ஆய்வுக்கு வருகிறவர்களிடம் ஒரு கடிதம் கொடுப்பது என்று கமிட்டியில் வைக்கலாம் என்கிறார்கள். தடுப்பதற்காக அல்ல, ஒப்பந்தமாக. ஆசிரியர் ஐயா எழுதித் தந்தால் நலம்.

மண்டபம் ஆசிரியர்:

வரைவு இதோ. திருத்தம் சொல்லுங்கள்.

‘எங்கள் கடலிலும் கரையிலும் தாங்கள் செய்யவிருக்கும் ஆய்வை வரவேற்கிறோம். ஆய்வு தொடங்குமுன் அதன் கேள்வி, முறை, நிதி வழங்குபவர் ஆகியவற்றை ஒரு பக்கத்தில் தமிழில் எழுதி ஊர் கமிட்டியிடம் தர வேண்டுகிறோம். ஒப்புதல் படிவம் தமிழில் இருக்கட்டும். ஒரு படி கையெழுத்திட்டவரிடமே இருக்கட்டும். பெயர்களும் துல்லியமான இடங்களும் நீக்கப்பட்ட தரவைப் பொதுக் களஞ்சியத்தில் வைத்து அதன் முகவரியை எங்களுக்குத் தெரிவியுங்கள். எதிர்பார்த்த முடிவு கிடைக்காவிட்டாலும் அதையும் சொல்லுங்கள். ஆய்வு முடிந்த ஓராண்டுக்குள் ஊருக்கு வந்து முடிவை எடுத்துரைத்து, எங்கள் கேள்விகளுக்கு விடை தாருங்கள்.’

கல்லூரி நூலகர்:

‘கட்டுரை சந்தா இதழில் வந்தால் கட்டுரையாசிரியர் தம் படியைக் களஞ்சியத்தில் வைக்க வேண்டும்’ என்பதைச் சேர்த்துவிடுங்கள். தமிழ்ச் சுருக்கங்களை எல்லாம் எங்கள் நூலகத்தில் ஒரு கோப்பாக வைத்துப் பராமரிக்க நான் பொறுப்பேற்கிறேன்; மாணவர் அல்லாதவர்களும் வந்து படிக்க முதல்வரிடம் அனுமதி கேட்டிருக்கிறேன்.

பாசி மகளிர் குழு:

கடிதம் நன்றாக இருக்கிறது ஐயா. ஊர்க் கூட்டத்திற்கு நாள் குறிக்கும் உரிமை ஊருக்கே என்றும் எழுதுங்கள். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி நீர் வற்றும் நாள்களில் வைத்தால் எங்கள் பெண்கள் பாசிக்குப் போயிருப்பார்கள். விசைப்படகுக்காரர்கள் எல்லாரும் கரையில் இருக்க வேண்டுமென்றால் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலத்தில் வைப்பது வசதி. கடிதத்தில் ‘ஊர் கமிட்டி’ என்று இருக்கும் இடத்தில் ‘ஊர் கமிட்டியும் மகளிர் குழுவும்’ என்று மாற்றித் தந்தால், அடுத்த குழுக் கூட்டத்தில் வாசித்துக் காட்டிக் கையெழுத்து வாங்கி அனுப்புகிறேன்.